கிளிஃப்: துதிக்கை போட்ட 'ணை' எங்கே இருக்கிறது?

உறவினர் ஒருவர் தம் பெற்றோரின் மணிவிழா அழைப்பிதழைத் தாமே கணினியில் வடிவமைத்துக்கொண்டிருந்தார். மேலே 'முருகன் துணை' என்று வர வேண்டும். அதிலுள்ள 'ணை', யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய 'ணை'யாக இருக்க வேண்டும் என்பது அவருடைய அப்பாவின் ஆசை. "விசைப்பலகையில் அது எங்கே இருக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். விசைப்பலகையில் இருக்காது, எழுத்துருவுக்குள் கிளிஃபாக இருந்தால் உண்டு என்றேன். கிளிஃப் என்றால் என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. தொலைபேசியில் உளறியதைச் சற்று ஒழுங்காக இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

எழுத்துருவுக்குள் வரைந்து வைக்கப்பட்டிருக்கும் ஒவ்வோர் உருவமும் ஒரு கிளிஃப். 'க' என்பது எழுத்து. ஒவ்வோர் எழுத்துருவிலும் அது எடுக்கும் தோற்றம் கிளிஃப். ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று கிளிஃப்கள் இருக்கலாம். மாறாக, கணினி இரண்டு குறிகளாகச் சேமிப்பது ஒரே கிளிஃபாகத் திரையில் வரலாம். நம் 'கு' அப்படித்தான். உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் அதற்குத் தனி எண் கிடையாது. ககரமும் உகரக் குறியும் அடுத்தடுத்து நிற்கும். அவற்றை 'கு' என்ற ஒற்றை உருவமாக மாற்றிக் காட்டுவது எழுத்துருவின் வேலை.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'கிளிஃபெய்ன்' என்றால் செதுக்குதல், 'கிளிஃபே' என்றால் செதுக்கியது. எகிப்தியரின் பட எழுத்தைக் குறிக்கும் ஹைரோகிளிஃப் என்பதன் பொருள் 'புனிதச் செதுக்கல்'. கிரேக்கக் கோயில்களில் தூண்களுக்கு மேலே வரும் வரித்தட்டுக்கு டிரைகிளிஃப் என்று பெயர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் 18ஆம் நூற்றாண்டில் வந்தபோதும் இந்தச் சொல் கட்டடக்கலைச் சொல்லாகத்தான் வந்தது. மத்திய அமெரிக்காவின் பழங்குடிகளான மாயர்களின் கல்லெழுத்துகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அச்சுக்கும் கணினிக்கும் பின்னர்தான் வந்து சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், கணினியில் இதற்கு எதிரணியில் நிற்கும் 'கேரக்டர்' என்ற சொல்லும் கிரேக்கத்தில் பொறித்த குறியைக் குறித்ததே. ஒரே உளியில் பிறந்த இரண்டு சொற்களில் ஒன்றுக்கு எழுத்தையும் மற்றொன்றுக்கு அதன் தோற்றத்தையும் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

தமிழுக்கு இந்தப் பங்கீடு புதிதன்று. ஒலிவடிவம், வரிவடிவம் என்று இலக்கணம் படித்தவர்கள் பிரித்தே பேசி வந்திருக்கிறார்கள். தொல்காப்பியம் மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று சொன்ன கையோடு, 'எகர ஒகரத்து இயற்கையும் அற்றே' என்கிறது. அதாவது, அன்று புள்ளி வைத்த 'எ' குறில். புள்ளி இல்லாத 'எ' நெடில். இன்று நாம் குறிலாகப் படிக்கும் அதே உருவம் அன்று ஏகாரம்! பிற்காலத்தில் நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர் என்று சொல்வது வழக்கம். வடிவம் இடம் மாறியது, எழுத்து அப்படியே நின்றது. அழைப்பிதழின் 'ணை'யும் இதே கதைதான். 1978இல் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணை ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துகளின் வடிவத்தைத்தான் மாற்றியது. யாருடைய பெயரின் உச்சரிப்பும் அதனால் மாறவில்லை.

ஆகவே கிளிஃபுக்கு நேரான தமிழ், என் கணக்கில், வரிவடிவம். 'எழுத்துரு' இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். எழுத்தின் உரு என்று நேராகப் பொருள் தருகிறது. ஆனால் அதை ஃபாண்டுக்குக் கொடுத்துவிட்டோம், இனித் திருப்பிக் கேட்க முடியாது. 'வரியுரு' என்பதைக் கேரக்டருக்குப் பயன்படுத்துகிறவர்கள் இருப்பதால் அதுவும் ஆகாது. மூலத்துக்கு விசுவாசமாகச் 'செதுக்குரு', 'பொறிப்பு' என்று போடலாம். கல்வெட்டு ஆய்வாளருக்கு அவை இனிக்கும். திரையில் எழுத்தைத் தேடுகிறவருக்கு உளி எதற்கு? கிளிஃபில் பூ, கொடி, அம்புக்குறி எல்லாம் அடங்குமே, அவை எழுத்தா என்று கேட்கலாம். வரி என்பது கோடுதானே. தமிழில் ஓவியத்தையும் 'எழுதுவது' என்றுதான் சொன்னார்கள். பூவும் வரிவடிவத்துக்குள் தாராளமாக அடங்கும்.

சரி, எடுப்பது எப்படி? விண்டோஸில் கேரக்டர் மேப் என்று ஒன்று உண்டு. வேர்டில் இன்செர்ட், பிறகு சிம்பல். பற்று, வரவு, மேற்படி ஆகியவற்றின் பழைய குறிகளான ௶, ௷, ௸ போன்றவை அங்கே கிடைக்கும். அவற்றுக்கு யூனிகோட் எண் இருக்கிறது. அங்கே போய் 'கு'வைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. அந்த அட்டவணை எண் உள்ளவற்றை மட்டுமே காட்டும். எண் இல்லாத வரிவடிவங்களைப் பார்க்க இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வடிவமைப்பு மென்பொருள்களிலுள்ள கிளிஃப்ஸ் பலகையைத் திறக்க வேண்டும். எழுத்துருவின் வயிற்றில் உள்ள அத்தனையும் அங்கே தெரியும். வேண்டியதை இரட்டைச் சொடுக்கினால் போதும். (இன்டிசைனில் தமிழ் எழுதும் முன் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கொம்பு எழுத்தின் வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும்.) வேர்டில் ஃபாண்ட் பெட்டியின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் ஸ்டைலிஸ்டிக் செட் என்ற தேர்வு இருக்கிறது. மாற்று வடிவங்களை எழுத்துரு வரைபவர் இப்படி 20 தொகுதிகள் வரை அடுக்கலாம். அவர் அடுக்காமல் விட்டிருந்தால் எந்தப் பெட்டியைத் திறந்தும் பயனில்லை.

கூடுதல் வடிவங்களை யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உள்ள 6,400 இடங்களில் வைத்து விற்கும் அலங்கார எழுத்துருக்களும் உண்டு. கேரக்டர் மேப்பிலேயே கிடைக்கும் என்பதால் வசதி. ஆனால் எழுத்துருவை மாற்றியவுடன் வெறும் கட்டம்தான் மிஞ்சும். எழுத்துக்குரிய எண்ணை விட்டு, வடிவத்துக்கு எண் கொடுத்தால் வரும் வினை இது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களோடு மாரடித்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாமினியில் அடித்த 'தமிழ்' வேறோர் எழுத்துருவில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். அப்படிப்பட்ட பழைய கோப்பு ஒன்றை மறுபடி முழுக்கத் தட்டச்சு செய்த அனுபவம் எனக்கு உண்டு.

உறவினருக்குப் பழைய வடிவம் உள்ள ஓர் எழுத்துரு கிடைத்தது. கிளிஃப்ஸ் பலகையில் துதிக்கையைக் கண்டுபிடித்துச் சேர்த்தும்விட்டார். அச்சகத்தாரிடம் அந்த எழுத்துரு இல்லை. சரிபார்க்க வந்த படியில் புதிய 'ணை' இருந்தது. முருகன் துணை முருகன் துணையாகவே இருந்தது, துதிக்கையை மட்டும் காணவில்லை. அந்த வரியை மட்டும் 'கிரியேட் அவுட்லைன்ஸ்' கொடுத்துப் படமாக்கி அனுப்பச் சொன்னேன். மறுநாள் யானை வந்துவிட்டது.