கோல்ஃப் மட்டை வாங்கும்முன் மணிக்கட்டு உயரத்தை அளந்துகொள்ளுங்கள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் கோல்ஃப் பழக வருகிறவர்களில் பலர் மட்டையோடுதான் வருகிறார்கள். பிரான்ஸிலிருந்து மாமா கொண்டுவந்த பையாக இருக்கும், அல்லது தள்ளுபடியில் கிடைத்த முழு செட். பந்து கோணிக்கொண்டு போனால் தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல நேரம் குறை மட்டையின் நீளத்தில் இருக்கிறது.

ஆறடி ஆளுக்கான மட்டையை ஐந்தடி மூன்று அங்குலம் உள்ளவர் பிடித்தால் மட்டைத் தலையின் நுனி மேலே தூக்கிக்கொள்ளும், தண்டு சேரும் குதிப்பக்கம் முதலில் மண்ணில் இடிக்கும். வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கம் ஓடும். அதைச் சமாளிக்க அவர் முழங்கையை மடக்குவார், தோளைத் தூக்குவார். அதுவே பழகிவிட்டால், பிறகு சரியான மட்டை கிடைத்தாலும் உடம்பு பழைய கோணலிலேயே நிற்கும். மட்டை குட்டையாக இருந்தால் நேர்மாறு: கூனி நிற்பார், பந்து வலப்பக்கம் போகும், இடுப்பு வலிக்கும்.

ஆகவே கடைக்குப் போகும்முன் வீட்டில் ஓர் அளவு எடுங்கள். காலணி அணிந்து, கைகளைத் தளரத் தொங்கவிட்டு நேராக நில்லுங்கள். மணிக்கட்டு ரேகையிலிருந்து தரைவரை வேறொருவர் அளக்க வேண்டும். 34 முதல் 36 அங்குலம் வந்தால் ஆண்களுக்கான வழக்கமான நீளமே பெரும்பாலும் பொருந்தும். 7 ஆம் எண் அயர்ன் (தட்டையான உலோகத் தலை கொண்ட மட்டை) என்றால் சுமார் 37 அங்குலம். 33க்குக் கீழே வந்தால் அரை அங்குலம்வரை குறைக்க வேண்டியிருக்கும். அரை அங்குலத்துக்கு மேல் வெட்டாதீர்கள். தண்டு விறைத்துப்போகும், தலையின் கனம் கையில் தெரியாது. பிள்ளைகளுக்கு அப்பாவின் பழைய மட்டையை அறுத்துக் கொடுப்பது இதைவிட மோசம், கனமும் விறைப்பும் அந்தச் சின்னக் கைகளுக்குத் தாங்காது.

விதிப்படி பையில் அதிகபட்சம் 14 மட்டை வைக்கலாம். புதியவருக்கு ஏழு போதும்: 12 டிகிரி டிரைவர் (மிகத் தூரம் அடிக்கும் மட்டை) அல்லது 18 டிகிரி 5-வுட் (அதைவிடக் குட்டையானது), ஒரு ஹைப்ரிட் (வுட்டும் அயர்னும் கலந்தது), 6 மற்றும் 8 ஆம் எண் அயர்ன்கள், பிட்சிங் வெட்ஜ் (கிட்டத் தூரத்துக்கு உயரத் தூக்கி அடிப்பது), 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் (மணலிலிருந்து எடுப்பது), பட்டர் (குழிக்குள் உருட்டுவது). டிகிரி என்பது பந்தில் படும் முகத்தின் சாய்வு. 3, 4 ஆம் எண் அயர்ன்களுக்குப் பணம் போடாதீர்கள். அவற்றின் முகம் அதிகம் சாயாததால், வேகமாக வீசத் தெரியாதவரிடம் பந்து எழும்பவே எழும்பாது. முதுகுப்பக்கம் குழிந்து, ஓரங்களில் கனம் வைத்த அயர்னாகப் பாருங்கள். பந்து நடுவில் படாமல் சற்றுத் தள்ளிப் பட்டாலும் முகம் அதிகம் திரும்பாது.

செட்டில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இப்போது வரும் பிட்சிங் வெட்ஜ் பலவற்றில் சாய்வு 44 டிகிரிதான். அடுத்தது 56 என்றால் நடுவே 12 டிகிரி வெற்றிடம். எண்பது, தொண்ணூறு கெஜத்தில் நிற்கும்போது எதை எடுத்தாலும் பொருந்தாது. 50 டிகிரி வெட்ஜ் ஒன்றைப் பின்னால் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும்.

தண்டின் விறைப்பை வீம்புக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். 7 ஆம் எண் அயர்னில் 130 கெஜத்துக்குக் கீழே அடிக்கிறவர் இலகுவான கிராஃபைட் (கார்பன் இழை) தண்டு பார்ப்பது நல்லது. விறைப்பு மிஞ்சினால் பந்து தாழ்வாக வலப்பக்கம் போகும், கையில் உலக்கை பிடித்த மாதிரி இருக்கும். வாய்ப்பிருந்தால் ஒருநாள் ஈசிஆர் வழியே சென்னைக்குப் போய், முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொண்டு, ஒரு பயிற்சித் திடலில் இரண்டு மூன்று வகைத் தண்டில் அடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பழையது வாங்குவதில் தவறில்லை, நல்ல பட்டர் பல ஆண்டு உழைக்கும். ஆனால் மட்டையைக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே கலகலவென்றால் பசை உதிர்ந்திருக்கலாம். கண்ணாடி மேசையில் தண்டை உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். கிராஃபைட் என்றால் தலை சேரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள், கீறல் தட்டுப்பட்டால் வேண்டாம். டைட்டானியம் டிரைவர் என்று சொன்னால் முகப்பில் காந்தம் வையுங்கள், ஒட்டிக்கொண்டால் அந்த முகப்பு டைட்டானியம் இல்லை.

நம் ஊர்க் கடற்காற்றுக்கு எஃகுத் தண்டு சீக்கிரம் துருப்பிடிக்கும், கிரிப்புக்கு (கைப்பிடி உறைக்கு) அடியிலும் தலைச் சந்திலும். கடற்கரை மணலில் வெட்ஜ் பழகினால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பையை மூடிவைக்காதீர்கள். வியர்க்கும் கைக்கு நூல் கலந்த கிரிப் நல்லது. சித்திரை வெயிலில் கார் டிக்கியில் பையை விட்டுவைத்தால் தலையைப் பிடித்திருக்கும் பசை இளகும், வீசும்போது தலை கழன்று பறந்தால் எதிரே நிற்கிறவருக்கு ஆபத்து.