ஒளிக்கு இயங்கும் என்சைம்: டிசைனைக் குறை சொல்லும் முன் ஃபிளாஸ்க்கைப் பாருங்கள்

ஒளியால் இயங்கும் என்சைம் ஒன்றை கம்ப்யூட்டரில் வடிவமைத்து, ஜீனை ஆர்டர் செய்து, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் ஏற்றி, கடைசியில் "நீல ஒளி பட்டாலும் படாவிட்டாலும் ஆக்டிவிட்டி ஒன்றுதான்" என்று வந்து நிற்கும் மாணவர்களைச் சென்னையில் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். உடனே டிசைன் தப்பு என்று முடிவுகட்டி அடுத்த மியூட்டேஷனுக்குத் தாவிவிடுகிறார்கள். பல நேரம் டிசைனில் கோளாறே இருக்காது. புரதம் சூட்டில் தயாராகியிருக்கும். இல்லாவிட்டால் அதன் நிறமூலக்கூறு பாதிதான் ஏறியிருக்கும். அதுவும் இல்லாவிட்டால் இருட்டில் வைத்ததாக நினைத்த மாதிரி இருட்டிலேயே இருந்திருக்காது.

இங்கே ஒளி சுவிட்ச்சாக அதிகம் புழங்குவது, ஓட்ஸ் செடியில் நீல ஒளியை உணரும் ஃபோட்டோட்ரோபின் புரதத்திலிருந்து எடுத்த எல்ஓவி2 பகுதி. அதற்குள் எஃப்எம்என் என்ற மஞ்சள் மூலக்கூறு உட்கார்ந்திருக்கும். 450 நானோமீட்டர் வாக்கில் நீல ஒளி பட்டதும் எஃப்எம்என் 450-ஆவது இடத்து சிஸ்டீனோடு பிணைகிறது, வால் பக்கத்து ஹெலிக்ஸ் (சுருள் பகுதி) கழன்றுகொள்கிறது. இருட்டில் விட்டால் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எல்ஓவி2-வின் இரு முனைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் என்சைமின் மேற்பரப்பு வளைவுகளில் இதைச் செருக முடிகிறது. 2008-ல் ஈ.கோலையின் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற என்சைமில் இப்படிச் செருகியபோது ஒளியால் கிடைத்த ஏற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்குதான். இரண்டு மடங்கு மாற்றம் தெரிய வேண்டுமானால் தயாரிப்பில் சறுக்கல் இருக்கக் கூடாது.

முதல் எதிரி வெப்பம். புரோட்டோக்காலில் "ரூம் டெம்பரேச்சர்" என்று இருந்தால் அது 20 முதல் 25 டிகிரி. மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத பெஞ்சில் 33 டிகிரி இருக்கும். குளிரூட்டும் வசதி இல்லாத ஷேக்கரில் 18 என்று செட் செய்தாலும் அது அறை வெப்பத்துக்குக் கீழே இறங்காது. செல்களை 37 டிகிரியில், ஓடி 600 (600 நானோமீட்டரில் கல்ச்சரின் கலங்கல் அளவு) 0.6 ஆகும்வரை வளர்த்து, ஃபிளாஸ்க்கை ஐஸ் தண்ணீரில் வைத்துச் சுழற்றி, கல்ச்சரே 18 டிகிரிக்கு வந்த பிறகுதான் புரதத் தயாரிப்பைத் தூண்டும் ஐபிடிஜி சேர்க்க வேண்டும். 0.1 முதல் 0.2 மில்லிமோலார் போதும். 16 முதல் 18 மணி நேரம் விடுங்கள். 1 மில்லிமோலார் ஊற்றி 37 டிகிரியில் நாலு மணி நேரம் ஓட்டினால் புரதம் நிறைய வரும், ஆனால் சரியாக மடியாமல் இன்க்ளூஷன் பாடி என்ற கரையாத கட்டியாக வரும். செல்களை உடைத்த பின் ஜெல்லில் மொத்தம், மேல்திரவம், பெல்லட் (அடியில் படிந்தது) என்று மூன்று லேனும் ஓட்டிப் பார்க்காமல் "எக்ஸ்பிரஷன் நன்றாக இருக்கிறது" என்று எழுதாதீர்கள். கட்டிடத்தின் ஏசி மாலையில் நிறுத்தப்படுமா, கரண்ட் போய் வந்தால் ஷேக்கர் தானாக மறுபடி ஓடுமா என்பதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓடாத ஷேக்கரில் செல்கள் அடியில் படிந்து ஆக்சிஜன் இல்லாமல் கிடக்கும்.

அடுத்தது எஃப்எம்என். ஈ.கோலை இதைத் தானே தயாரிக்கும், ஆனால் அளவோடுதான். புரதம் வேகமாகக் குவிந்தால் பாதிக்கு எஃப்எம்என் கிடைக்காது. மீடியத்தில் எஃப்எம்என்னின் மூலப்பொருளான ரைபோஃபிளேவினைக் கொட்டுவது பெரிதாக உதவாது, அது ஈ.கோலைக்குள் எளிதில் நுழைவதில்லை. மெதுவாக, குளிரில் தயாரிப்பதே நல்ல வழி. சென்ட்ரிஃபியூஜிலிருந்து எடுத்த பெல்லட் வழக்கமான மங்கல் பழுப்பாக இல்லாமல் பச்சை கலந்த மஞ்சளாக இருக்க வேண்டும். சுத்திகரித்த பிறகு 350 முதல் 550 நானோமீட்டர் வரை ஸ்கேன் எடுங்கள்: 447-ல் உச்சி, அதன் இருபுறமும் 425, 475 வாக்கில் சிறு தோள்கள். தோள்கள் இல்லாமல் வழவழப்பான ஒரே மேடாக இருந்தால் அது புரதத்தில் ஒட்டாத ஃபிளேவின் (எஃப்எம்என் வகை மூலக்கூறு). எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிய, மாதிரியை 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலே நிற்கும் எஃப்எம்என்னை 445-ல் அளந்து, புரதத்தின் மோலார் அளவோடு ஒப்பிடுங்கள். (சிவப்பு ஒளியை உணரும் பாக்டீரியா ஃபைட்டோகுரோம் வகைக்கு இன்னும் கவனம் வேண்டும். அதற்கு வேண்டிய பிலிவெர்டின் என்ற நிறமூலக்கூறை ஈ.கோலை தயாரிக்காது; ஹீம் ஆக்சிஜனேஸ் ஜீனையும் கூடவே ஏற்றியாக வேண்டும்.)

பலரும் கோட்டைவிடும் இடம் லேப் விளக்கு. இன்றைய வெள்ளை எல்இடி விளக்குகள் பெரும்பாலும் நீல எல்இடியின் மேல் பாஸ்பர் பூசியவை; அவற்றின் ஒளியில் 450 வாக்கில் கூர்மையான உச்சி இருக்கும். எல்ஓவி2-வைத் தூண்டுவதும் அதே நிறம்தான். இருட்டு மாதிரியை ஃபாயிலில் சுற்றி, 600 நானோமீட்டருக்கு மேலான சிவப்பு எல்இடி வெளிச்சத்தில் மட்டும் கையாளுங்கள். சிவப்பு செலோஃபேன் ஒட்டிய டியூப்லைட்டை நம்ப வேண்டாம், நீலம் கசியலாம். வெள்ளை ஒளி முழுவதையும் மாதிரியின் மேல் பாய்ச்சும் டையோடு அரே ஸ்பெக்ட்ரோமீட்டர் அளக்கும்போதே புரதத்தைத் தூண்டிவிடும். குறைந்த ஒளியில், குறைந்த நேரம் அளந்து பாருங்கள். க்யுவெட்டில் நீல டார்ச்சைச் சில நொடி காட்டுங்கள்: மஞ்சள் வெளிறும், 447 உச்சி இறங்கும், இருட்டில் மெல்ல ஏறும். இது நடக்காத புரதத்தை வைத்து ஆக்டிவிட்டி அஸ்ஸே செய்வது வீண்.

இருட்டில் 447 உச்சி ஏறும் வேகத்தை அளப்பதற்கு முன், சுத்திகரிப்பில் நிக்கல் காலம்னிலிருந்து (column) வந்த இமிடசோல் என்ற ரசாயனத்தை டீசால்ட் செய்து நீக்கிவிடுங்கள். இமிடசோல் இருட்டுத் திரும்புதலை வேகப்படுத்தும், உங்கள் அரை ஆயுள் தப்பாகப் பதிவாகும். டிரிஸ் பஃபரிலும் வெப்பம் விளையாடும். அதன் பிஹெச் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.028 மாறும். 32 டிகிரியில் 8.0 என்று சரிசெய்த பஃபர் கோல்ட் ரூமின் 4 டிகிரியில் 8.8 வாக்கில் நிற்கும்.

ஆக்டிவிட்டி ஒப்பீட்டில் 450-ஆவது சிஸ்டீனை அலனினாக மாற்றிய புரதத்தையும் அதே ஒளியில் கட்டாயம் ஓட்டுங்கள். எல்இடி பேனல் மாதிரியைச் சூடாக்கும், நீல ஒளி ஃபிளேவின் வழியாகப் பெராக்சைடையும் உண்டாக்கும். மாற்றிய புரதத்திலும் "ஒளி விளைவு" தெரிந்தால் நீங்கள் பார்ப்பது சூடோ பெராக்சைடோதான், சுவிட்ச் அல்ல.

வேலை தொடங்கும் முன்பே நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் பதிவு செய்யுங்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள் கல்லூரி ப்ராஜெக்ட்டையும் கட்டுப்படுத்தும். ஓடி 600 அளக்க எடுத்த ஒரு மி.லி. கல்ச்சரைக்கூட சிங்க்கில் ஊற்றாதீர்கள், அதற்குள் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு ஜீன் இருக்கிறது. சிறு அளவுக்குப் புதிதாகக் கலந்த 1 சதவீத ஹைப்போகுளோரைட்டில் 30 நிமிடம். லிட்டர் கணக்கில் இருந்தால் 121 டிகிரி, 15 பிஎஸ்ஐ-யில் ஆட்டோகிளேவ். ஹைப்போகுளோரைட் கலந்ததை ஆட்டோகிளேவில் வைக்கவே வைக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மீடியத்தில் சேர்க்கும் ஆன்டிபயாடிக்குகளில் ஆம்பிசிலின் அந்தச் சூட்டில் அழிந்துவிடும், கனமைசின் அழியாது. கனமைசின் கல்ச்சரை ஆட்டோகிளேவ் செய்த பிறகும் தனி கேனில் சேர்த்து, பெயர் எழுதி, ரசாயனக் கழிவோடு அனுப்புங்கள்.