பயிற்சிக் குண்டு பொம்மைக் குண்டு அல்ல

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தென்னாப்பிரிக்காவில் எங்கள் ஊரான போர்ட் எலிசபெத்தின் மலபார் பகுதியிலிருந்து பெரியம்மா ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, காவடிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறோம். கராஜ் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த பழைய இரும்பைப் பேரன் மெஷின் போட்டுத் தேய்க்கிறான். துரு போனதும் ஏதோ எண் தெரிகிறதாம். பழைய சாமான் எல்லாம் உனக்குத் தெரியுமே, வந்து பார்க்கிறாயா?"

மெஷினை உடனே நிறுத்தச் சொன்னேன். எல்லோரும் வீட்டைவிட்டுத் தெருவுக்கு வரவேண்டும் என்றும் சொன்னேன். பெரியவரிடம் பேசும் குரலில் நான் பேசவில்லை. அதற்காகப் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வாசலில் நின்றபடியே பார்த்தேன். ஒரு முழ நீளம், மழுங்கிய மூக்கு, வாலில் நான்கு தகடுகள், அவற்றில் ஒன்று வளைந்திருந்தது. பையன் தேய்த்த இடம் மட்டும் புது எவர்சில்வர்போல் பளபளத்தது. காவல்துறை அவசர எண் 10111க்கு அழைத்தோம். வெடிபொருள் பிரிவுக் காவலர்கள் வந்து பார்த்துவிட்டு, உள்ளே மருந்து இன்னும் இருக்கிறது என்று சொல்லி எடுத்துச் சென்றார்கள். பதினைந்து வயதுப் பையன், கண்ணாடிகூடப் போடாமல், தீப்பொறி பறக்க அதைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"உன் பெரியப்பா தூண்டில் போடப்போன மணல்மேட்டில் கிடந்தது என்று எடுத்துவந்தார். நாற்பது வருடமாக வீட்டில்தான் இருக்கிறது. பயிற்சிக் குண்டுதானே, வெடிக்காது என்றுதான் சொன்னார்" என்றார் பெரியம்மா.

பயிற்சிக் குண்டுதானே! ஓராண்டுக்குள் இதே சொல்லை நான் கேட்கும் மூன்றாவது வீடு இது. ஆங்கிலத்தில் பல கூட்டங்களில் சொல்லிவிட்டேன். வீட்டுப் பெரியவர்களுக்கும், தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே கட்டுமான வேலை செய்யும் தம்பிகளுக்கும் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக இப்போது தமிழில் எழுதுகிறேன்.

விமானத்திலிருந்து குண்டு போடப் பழகுபவர்களுக்கானது பயிற்சிக் குண்டு. அது எங்கே விழுந்தது என்பது மேலே விமானத்தில் இருப்பவனுக்குத் தெரிந்தால்தான் அது பயிற்சி. வெறும் இரும்பைப் போட்டால் புதருக்குள் விழுந்து மறைந்துவிடும், குறி தப்பியதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பயிற்சிக் குண்டுக்குள்ளும் மருந்து வைத்தார்கள். பகலில் போடும் குண்டு வெள்ளைப் புகை கக்கும், இரவில் போடும் குண்டு பளிச்சென்று ஒளி காட்டும். பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய பதினொன்றரை பவுண்டுப் பயிற்சிக் குண்டு இப்படிப்பட்டதுதான். எடை சுமார் 5 கிலோ. புகைக் குண்டுக்குள் இருப்பது டைட்டானியம் டெட்ராகுளோரைடு. அது காற்றின் ஈரத்தைத் தொட்ட நொடியில் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையாகிறது. கண்ணையும் மூச்சுக்குழாயையும் அது என்ன செய்யும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்தப் புகையை வெளியே தள்ளுவதற்குத் தனியாக ஒரு டெட்டனேட்டர், அதாவது சிறு தூண்டுவெடி. ஊரைத் தகர்க்கும் வெடி அதில் இல்லை, உண்மைதான். கையை எடுக்க அவ்வளவு பெரிய வெடி தேவையும் இல்லை.

அடுத்து, துருவைப் பற்றிய நம்பிக்கை. "எண்பது வருடம் மண்ணில் கிடந்தது, இனி என்ன இருக்கப்போகிறது" என்கிறார்கள். துரு தின்பது வெளி ஓட்டை. உள்ளே இருக்கும் மருந்தின் மேல் போர்த்திய இரும்பு மெலிந்துகொண்டே வருகிறது, டெட்டனேட்டர் எந்தத் தட்டுக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்க முடியாமல் போகிறது, அவ்வளவுதான். வெடித்து முடிந்த குண்டும் வெடிக்காத குண்டும் மண்ணிலிருந்து எடுத்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். முப்பது ஆண்டுகளாகப் பழைய கட்டடங்களோடு வேலை செய்யும் எனக்கே வெளியிலிருந்து பார்த்துப் பிரித்துச் சொல்லத் தெரியாது. உங்கள் மைத்துனருக்கும் தெரியாது.

என் தொழில் வெடிகுண்டு அல்ல. கட்டடங்களை இடிப்பதற்கு முன் ஆய்வு செய்து அறிக்கை தரும் பொறியாளர் நான். ஆனால் எங்கள் கிழக்குக் கேப் மாகாணத்தில் இந்த வேலை பார்ப்பவர் எவரும் 1940களின் மேல் தடுக்கி விழாமல் இருக்க முடியாது. இரண்டாம் உலகப் போர் நடந்த அப்போது, பிரிட்டனின் வானம் எதிரி விமானங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. குளிர்காலம் முழுக்க மேகமும் மழையும் வேறு. பழகுநர்கள் நிம்மதியாகப் பறக்க வெயிலும் வெட்டவெளியும் தேவைப்பட்டன. 1940இல் பிரிட்டனும் தென்னாப்பிரிக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டில் கூட்டு விமானப் பயிற்சித் திட்டம் உருவானது. நாடு முழுக்க 30க்கும் மேற்பட்ட பயிற்சிப் பள்ளிகள். போர் முடிவதற்குள் விமானிகள், வழிகாட்டிகள், குண்டு எறிபவர்கள், துப்பாக்கி வீரர்கள் என 33,000க்கும் மேற்பட்டவர்கள் பயின்று வெளியேறினார்கள். நம் கரையோரத்தில் மட்டும் ஈஸ்ட் லண்டனில் 41ஆம் எண் பள்ளி, போர்ட் எலிசபெத்தில் 42, போர்ட் ஆல்பிரட்டில் 43, கிரஹாம்ஸ்டவுனில் 44 என்று வரிசையாக இருந்தன. போர்ட் ஆல்பிரட் ஓடுதளத்தில் இன்றும் அதே 43 என்ற எண்ணைப் பெயராகக் கொண்ட விமானப் பள்ளி நடக்கிறது.

ஆன்சன் என்ற விமானத்தில் சக்கரங்களை மேலே இழுக்க ஒரு கைப்பிடியை 140 முறைக்கும் மேல் சுற்ற வேண்டும். பெரும்பாலும் பழகுநரின் தலையில்தான் அந்த வேலை விழும். இருபது வயதுகூட ஆகாத பிள்ளைகள் பலர். கடலில் விழுந்தவர்களும், மலையில் மோதியவர்களும் அவர்களில் உண்டு. "இங்கே போர் நடக்கவே இல்லையே" என்பவர்கள் ஒருமுறை நம் கரையோர ஊர்களின் கல்லறைத் தோட்டங்களுக்குப் போய், கல்லில் பொறித்திருக்கும் வயதுகளைப் படித்துப் பார்க்கட்டும்.

இனி, கூரை. சென்ற ஆண்டு நம்மவர் ஒருவர் நிலம் வாங்கினார், அதில் போர்க்கால நீளக் கொட்டகைகள் இரண்டு. நான் போய்ச் சேர்வதற்குள் ஆட்கள் சுத்தியலால் கூரைத் தகடுகளை உடைத்துப் போட்டுவிட்டார்கள். சாம்பல் நிறத் தூள் அவர்கள் தலையிலும், திறந்து வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரங்களிலும் படிந்திருந்தது. அது ஆஸ்பெஸ்டாஸ். உலகத்துக்கே நீல ஆஸ்பெஸ்டாஸ் தோண்டிக் கொடுத்த நாடு இது. அந்தத் தூளுக்கும் நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உலகம் தெளிவாக அறிந்ததும் 1960இல் வட கேப் நோயாளிகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையிலிருந்துதான். இந்த நாட்டில் 2008இல் தடை வந்தது. நோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகும். "நான் அன்றைக்கே உடைத்தேனே, ஒன்றும் ஆகவில்லையே" என்று தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். பழைய சிமென்ட் தகட்டை அறுக்காதீர்கள், துளையிடாதீர்கள், பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள். பதிவு பெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரரைத்தான் கூப்பிட வேண்டும், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. செலவு அதிகம் என்பது தெரியும். செலவை நினைத்துக் கூலியாளின் நுரையீரலைப் பணயம் வைக்கிறோம் என்பதும் தெரியட்டும்.

பழைய விமானக் கடிகாரம், திசைகாட்டி, அழுத்தமானி வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். முள்ளிலும் எண்ணிலும் பூசியிருப்பது ரேடியமாக இருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லை என்றால் பூச்சோடு கலந்த ஒளிப்பொருள் தேய்ந்துவிட்டது என்றுதான் பொருள். ரேடியத்தின் கதிர்வீச்சு அப்படியேதான் இருக்கிறது, அது பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், குழந்தைக்கு விளையாடக் கொடுக்காதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1999ஆம் ஆண்டின் தேசிய மரபு வளச் சட்டப்படி, 60 ஆண்டுகளைத் தாண்டிய எந்தக் கட்டடத்தையும் மாகாண மரபு அமைப்பின் அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது. படைத்துறை வரலாறு சார்ந்த எச்சங்கள் 75 ஆண்டைத் தாண்டினால் அவை தொல்லியல் எச்சங்கள். போர் முடிந்தது 1945இல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அத்தகைய இடத்துக்கு மெட்டல் டிடெக்டர் கொண்டு போவதற்கே அனுமதி வேண்டும். உள்ளூர்க் குழு ஒன்றின் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "கொட்டகைக்கெல்லாமா மரபு?" என்று கேட்டார்கள். நிறவெறி ஆட்சிக் காலத்தில் இதே ஊரின் சவுத் எண்ட் பகுதியில் நம் வீடுகளை இடித்து நம்மை மலபாருக்கு அனுப்பியபோதும், "பழைய வீடுகள்தானே" என்றுதான் சொன்னார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள். எனக்கு அன்று உண்மையிலேயே நெஞ்சு வலித்தது.

மணலில் எதையாவது கண்டால் தொடாதீர்கள். தள்ளி நின்று படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், 10111க்கு அழையுங்கள். ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதென்றால் காரில் வைத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டு போகாதீர்கள், அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்து இரவோடு இரவாகக் குப்பைத் தொட்டியில் போட்டவர்களும் இருக்கிறார்கள். குப்பை லாரி நசுக்கும் இடத்தில் நிற்பவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

காவலர்கள் போன பிறகு பெரியம்மா உள்ளே போய் ஒரு படம் எடுத்துவந்தார். அவருடைய அப்பா, போர்க்காலத் தென்னாப்பிரிக்கப் படையின் இந்திய மலாய்ப் பிரிவுச் சீருடையில், ஒரு லாரியின் முன்னால் நிற்கிறார். அந்தப் பிரிவில் நம்மவர்களுக்கு ஓட்டுநர் வேலையும் நோயாளி தூக்கும் வேலையும் கொடுத்தார்கள். லாரிக்குப் பின்னால் இரும்புச் சட்டங்கள் தெரியும் ஒரு கொட்டகை. "அப்பா விமானத் தளத்துக்குச் சாமான் ஏற்றிப் போவார் என்று அம்மா சொல்வாள். எந்த இடம் என்று உனக்குத் தெரியுமா?"

அது பெல்மன் வகை ஹேங்கர், அதாவது விமானம் நிறுத்தும் கொட்டகை. கழற்றி வேறு இடத்தில் பூட்டிக்கொள்ளும்படி செய்த எஃகுக் கூடு. நம் ஊர் விமான நிலையத்தின் ஓரத்தில் 42ஆம் எண் பள்ளியின் காலத்து ஹேங்கர் ஒன்று இன்றும் விமானப்படை அருங்காட்சியகமாக நிற்கிறது. படத்தில் இருப்பது அதுவேதான் என்று நான் சொல்லவில்லை, அதே வகை என்று மட்டும் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை பேரனையும் கூட்டிக்கொண்டு போனோம். பெரியம்மா கைப்பையிலிருந்து படத்தை எடுத்து, கூரையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முதல் தூணின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.