மதர்ஷிப்: தாய் விமானம் என்றால் போதுமா?

மதர்ஷிப் கடலிலிருந்து வந்த சொல். சிறு கலங்களுக்கு எண்ணெயும் உணவும் கொடுத்து, அவற்றுக்குத் துணையாக நிற்கும் பெரிய கப்பலுக்கு அந்தப் பெயர். நம் செய்தித்தாள்களிலும் 'தாய்க்கப்பல்' என்று எழுதுகிறோம். விமானத் துறையில் இதற்குப் பொருள் வேறு: ஆய்வு விமானத்தையோ ராக்கெட்டையோ சுமந்து மேலே போய், அங்கிருந்து விடுவிக்கும் பெரிய விமானம்.

இந்த வேலைக்குக் குண்டுவீச்சு விமானங்களே வாகாக அமைந்தன. 1947-இல் ஒலியின் வேகத்தைத் தாண்டிய எக்ஸ்-1, ஒரு பி-29-இன் வயிற்றிலிருந்துதான் விடப்பட்டது. இவற்றில் நீண்ட காலம் உழைத்தது கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் இருந்த என்பி-52பி. முன்னொட்டான 'என்', நிரந்தரமாகச் சோதனைக்கென்று மாற்றப்பட்டதைக் குறிக்கும். வரிசை எண் 52-0008. பூஜ்யங்களைப் 'பால்ஸ்' என்பது அமெரிக்க விமானப்படைக் கொச்சை என்பதால் 'பால்ஸ் எயிட்' என்றே அழைத்தார்கள்.

வலது இறக்கைக்கு அடியில் கொக்கிகளோடு ஒரு தாங்கி. எக்ஸ்-15 என்ற ராக்கெட் ஆய்வு விமானத்தின் வால் இடிக்காமலிருக்க இறக்கையின் பின் விளிம்பில் ஒரு வெட்டு. சுமார் 13.7 கி.மீ. உயரத்தில் கொக்கி விடும். ஒன்றரை நிமிடம் போல எரியும் எரிபொருளை அடர்ந்த கீழ்க்காற்றில் ஏறுவதற்கே செலவழிக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. எக்ஸ்-15-க்குப் பிறகும் வேலை ஓயவில்லை. 2004 நவம்பரில் ஒலியைப் போல 9.6 மடங்கு வேகத்தைத் தொட்ட எக்ஸ்-43ஏ என்ற ஆளில்லா ஆய்வு விமானமும் இதன் இறக்கையிலிருந்து போனதுதான். அடுத்த மாதமே பால்ஸ் எயிட்டுக்கு ஓய்வு.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'தாய் விமானம்' புழக்கத்தில் இருக்கிறது. இறக்கைக்கு அடியில் குஞ்சை வைத்திருக்கும் கோழி நினைவுக்கு வருவதால் அழகாகவும் இருக்கிறது. ஆனால் எந்தக் கோழியும் குஞ்சை இவ்வளவு உயரத்திலிருந்து போடாது! 'விமானந்தாங்கி' என்றால் கப்பல் வந்து நிற்கும். 'சுமந்தேவி' என்று கட்டிப் பார்த்தேன். சுமன் தேவி என்று யாரையோ கூப்பிடுவது போலிருந்தது.

ஏவு என்ற வேர் நமக்குப் பழையது. பழந்தமிழில் 'ஏ' என்றாலே அம்பு. ஆனால் 'ஏவு விமானம்' என்றால், ஏவுகணையைப் போல, ஏவப்படும் விமானம் என்றும் படிக்கலாம். 'ஏவுதளம்' என்ற சொல்லில் அந்தக் குழப்பம் இல்லை. அதனால் கட்டுரையில் 'ஏவுதள விமானம்' என்று எழுதுவேன். கதை சொல்லும்போது தாய் விமானமே இருக்கட்டும்.