எதற்குப் பதிலாக எது? டயட் சண்டைகளைப் படிக்கும் முறை

2024 மார்ச்சில் ஒரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. ஒரு நாளின் சாப்பாடு முழுவதையும் எட்டு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்பவர்கள் இதய நோயால் இறக்கும் ஆபத்து 91 சதவீதம் அதிகம் என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் கூட்டம் ஒன்றில் சொல்லியிருந்தார்கள். என்னிடம் வரும் சர்க்கரை நோயாளிகளில் சிலர் சாயங்காலம் ஆறு மணியோடு சாப்பாட்டை நிறுத்துபவர்கள். அதில் எடை குறைந்து, மாத்திரையும் குறைந்தவர்கள் உண்டு. அவர்களெல்லாம் பயந்துபோய் வந்தார்கள். "டாக்டர், இதை நிறுத்திடட்டுமா?"

செய்தி பொய்யில்லை, ஆய்வு நடந்தது உண்மைதான். சுமார் 20,000 அமெரிக்கர்களின் விவரங்கள் அதில் இருந்தன. ஆனால் அவர்களில் யாரையும் விரதம் இருக்கச் சொல்லி யாரும் சோதிக்கவில்லை. அரசு நடத்திய சர்வேயில் இரண்டே இரண்டு நாட்களுக்கு, முந்தைய நாள் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். அந்தப் பதிலை வைத்து அவர்களைப் பிரித்து, பின்னால் வந்த வருடங்களில் யார் யார் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். ஒருவர் எட்டு மணி நேரத்துக்குள் ஏன் சாப்பிட்டு முடித்தார்? எடையைக் குறைக்கவா? இரண்டு வேலை பார்ப்பதால் உட்கார்ந்து சாப்பிட நேரமில்லையா? உடம்பு சரியில்லாமல் பசியே எடுக்கவில்லையா? அந்தக் கணக்கு இதையெல்லாம் சொல்லாது. நோயால் பசி குறைந்தவர் சீக்கிரம் இறந்துபோனால் பழியை விரதத்தின் மேல் போட முடியுமா?

இதே விஷயத்தை ஆட்களை வைத்து நேராகச் சோதித்த ஆய்வும் இருக்கிறது. 2022ல் வெளியானது, நடந்தது சீனாவின் குவாங்சோ நகரில். உடல் பருமன் உள்ள 139 பேருக்கும் ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாடு. பாதிப் பேர் காலை 8 மணி முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட வேண்டும், மீதிப் பேருக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஒரு வருடம் கழித்து முதல் குழு சராசரியாக 8 கிலோவும் இரண்டாவது குழு 6.3 கிலோவும் குறைந்திருந்தன. புள்ளியியல்படி அந்த வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கலாம். எடையைக் குறைத்ததில் பெரும்பங்கு சாப்பாட்டின் அளவுக்குத்தான். ஆறு மணியோடு நிறுத்துவது ஒருவருக்கு அளவைக் குறைக்கச் சுலபமான வழி என்றால் தாராளமாகத் தொடரலாம். மாத்திரை போடுபவர்கள் கதை வேறு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எந்த டயட் பற்றிய செய்தி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: எதற்குப் பதிலாக? எதோடு ஒப்பிட்டு இதை நல்லது, கெட்டது என்கிறார்கள்? தட்டிலிருந்து ஒன்றை எடுத்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும், இல்லையென்றால் மொத்த அளவு குறையும். இந்த இரண்டில் எது நடந்தது என்று தெரியாமல் அந்த உணவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

பேலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் இணையத்தில் பத்து வருடங்களாகச் சூடு குறையாத சண்டை இது. அரிசி, கோதுமை, சர்க்கரை எல்லாம் கிடையாது. முட்டை, கறி, பனீர், பாதாம், காய்கறிதான் சாப்பாடு. அதைக் கடைப்பிடித்து மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) நன்றாக இறங்கியவர்களும், ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு பாதியானவர்களும் என் க்ளினிக்கிலேயே இருக்கிறார்கள். "உங்க டாக்டரெல்லாம் இதை ஏன் எங்களுக்குச் சொல்லல?" என்று அவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? எங்கள் பக்கம் காவிரிப் பாசனம். காலையில் நாலு இட்லி, பதினொரு மணிக்குச் சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டும், மதியம் சாம்பாருக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று சோறு, நாலு மணிக்கு டீயோடு பஜ்ஜி, ராத்திரி தோசை. நாடு முழுவதும் நடந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் சர்க்கரை நோய் ஆய்வின் 2025 கணக்குப்படி இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து 12 சதவீதம்தான். இப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் சர்க்கரை, மைதா, பொரித்த பலகாரம், மூன்று தரச் சோறு எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் ரத்தச் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? பேலியோவின் வெற்றியில் பாதி அது விலக்கியவற்றுக்குச் சேர வேண்டியது. (முதல் வாரத்தில் குறையும் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பில் சேமித்து வைத்த கிளைக்கோஜன் தீரும்போது அதோடு ஒட்டிய நீரும் வெளியேறுகிறது. எடை மெஷின் படத்தை ஃபேஸ்புக்கில் போட அவசரப்பட வேண்டாம்.)

மாவுச்சத்துதான் வில்லன் என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' (DiRECT) என்ற ஆய்வு 2018ல் லான்செட் இதழில் வந்தது. டைப் 2 சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்த 306 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பாதிக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளுக்குச் சுமார் 850 கலோரி தரும் ஷேக்கும் சூப்பும் மட்டும். ஒரு வருட முடிவில் இந்தக் குழுவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. வழக்கமான சிகிச்சையில் அது 4 சதவீதம். அந்த ஷேக்கின் கலோரியில் பாதிக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வந்ததுதான்! 15 கிலோவுக்கு மேல் எடை குறைத்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பலன் பெற்றார்கள். எடை குறைந்தபோது கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்திருந்த கொழுப்பு கரைந்ததே காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பேலியோவில் 15 கிலோ குறைத்தவருக்கும் இதே பலன் கிடைத்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

கொழுப்பா, மாவுச்சத்தா என்று இரண்டையும் மோதவிட்டுப் பார்த்த ஆய்வும் அதே 2018ல்தான் வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இறங்கினார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. கிட்டத்தட்ட சமம். இந்தச் சராசரிக்குள் ஒளிந்திருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு குழுவிலுமே 30 கிலோ வரை குறைத்தவர்களும் இருந்தார்கள், 10 கிலோ ஏறியவர்களும் இருந்தார்கள். இரண்டு குழுவுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்ட அறிவுரை: சர்க்கரையையும் மைதாவையும் முடிந்தவரை தவிர், காய்கறியை அள்ளிச் சாப்பிடு, வீட்டில் சமைத்துச் சாப்பிடு. நான் பார்த்தவரை யூடியூபில் சண்டை போடும் இரண்டு தரப்பும் இந்த மூன்றில் சண்டை போடுவதில்லை. சண்டை இல்லாததற்கு வியூஸ் வராது என்பது வேறு விஷயம்.

ஆலிவ் எண்ணெய், கொட்டைகள், காய்கறி, பழம், மீன் அதிகமுள்ள மத்தியதரைக்கடல் உணவுக்கு வருவோம். பத்திரிகைகள் வருடா வருடம் போடும் டயட் பட்டியல்களில் இதற்குப் பெரும்பாலும் முதலிடம். இதன் பெரிய ஆதாரம் ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த ப்ரெடிமெட் ஆய்வு. 2013ல் வெளியாகி, ஆட்களைக் குழுக்களாகப் பிரித்ததில் சில இடங்களில் கோளாறு நடந்ததால் 2018ல் திரும்பப் பெறப்பட்டு, திருத்திய கணக்கோடு மறுபடி வெளியானது. முடிவு பெரிதாக மாறவில்லை: மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து சுமார் 30 சதவீதம் குறைவு (ஒவ்வொருவரும் ஆய்வில் இருந்த காலத்தையும் கணக்கில் எடுத்த பிறகு). கேட்க அட்டகாசமாக இருக்கிறது. இப்போது தலைகளை எண்ணிப் பாருங்கள். ஐந்து வருடம் போல நடந்த ஆய்வில், ஒப்பீட்டுக் குழுவில் 100க்கு 4.4 பேருக்கு இந்தப் பாதிப்பு வந்தது. ஆலிவ் எண்ணெய்க் குழுவில் 3.8, கொட்டைகள் சாப்பிட்ட குழுவில் 3.4. ஆக, நூறு பேர் ஐந்து வருடம் அப்படிச் சாப்பிட்டால் ஏறக்குறைய ஒருவர் தப்பிக்கிறார். இதை நான் அலட்சியமாகச் சொல்லவில்லை, பல மாத்திரைகளின் கணக்கும் இதே அளவில்தான் இருக்கும். 30 என்று போட்டால் தலைப்பாகும், 1 என்று போட்டால் ஆகாது, அவ்வளவுதான்.

அப்புறம், ஒப்பீட்டுக் குழு. அவர்களைக் 'குறைந்த கொழுப்பு உணவு' சாப்பிட்டவர்கள் என்று எழுதுவார்கள். உண்மையில் அவர்களின் கலோரியில் கொழுப்பின் பங்கு 39 சதவீதத்திலிருந்து 37க்குத்தான் வந்தது. கொழுப்பைக் குறைக்கும் டயட் தோற்றது என்று இந்த ஆய்வைக் காட்டி யாராவது சொன்னால், அந்த டயட் அங்கே நடக்கவே இல்லை என்று சொல்லலாம்.

சிறுதானியத்தில் இந்தக் கேள்வி இன்னும் நேரடியாக உதவும். 2023ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு எங்கள் ஊர்க் கடைத்தெருவில் தினை பிஸ்கட்டும் சாமை நூடுல்ஸும் வந்துவிட்டன. ராகி நல்ல தானியம்தான். 100 கிராமில் 360 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம், அரிசியைவிடப் பல மடங்கு நார்ச்சத்து. ஆனால் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. அரிசி 100 கிராமுக்குச் சுமார் 355, ராகி சுமார் 320. "சோத்தை விட்டுட்டேன் டாக்டர், சுகர் குறையவே மாட்டேங்குது" என்று வரும் அம்மாக்களிடம் கேட்டால், காலையில் ஒரு பெரிய டம்ளர் ராகிக் கஞ்சி, அப்புறம் வழக்கமான இட்லி, மதியம் சோற்றுக்குப் பதில் அதே அளவு வரகரிசி. நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும் என்பதும் பலருக்குத் தெரியாது. மேலே சொன்ன 2025 ஆய்வும் இதைத்தான் காட்டியது: மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாறியதற்கும் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதற்கும் தொடர்பு தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பருப்பு, பால், முட்டை, மீன் என்று புரதம் வைத்தவர்களிடம் ஆபத்து குறைவாக இருந்தது. இதுவும் பார்த்துக் கணக்கெடுத்த ஆய்வுதான், சோதித்துப் பார்த்தது இல்லை. ஆனாலும் நம் ஊர்ச் சாப்பாட்டை, நம் ஊர் ஆட்களிடம் பார்த்தது என்பதால் ஸ்பெயின் கணக்கைவிட என் மேசைக்கு நெருக்கமானது.

தேங்காய் எண்ணெய் அமிர்தமா, விஷமா? வெண்ணெயோடு ஒப்பிட்டால் பரவாயில்லை. 2018ல் பிரிட்டனில் நான்கு வாரம் தினம் 50 கிராம் கொடுத்துப் பார்த்ததில் வெண்ணெய் எல்டிஎல்லை (கெட்ட கொலஸ்ட்ராலை) ஏற்றியது, தேங்காய் எண்ணெய் அப்படி ஏற்றவில்லை. ஆனால் சூரியகாந்தி போன்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட பல ஆய்வுகளை 2020ல் சேர்த்துப் பார்த்தபோது தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைச் சுமார் 10 புள்ளி (mg/dL) கூட்டியது. ஒரு சிறிய ஆய்வும் பல ஆய்வுகளின் தொகுப்பும் முரண்பட்டால் நான் தொகுப்பின் பக்கம் சாய்வேன். தாளிப்புக்கு ஒரு ஸ்பூன் ஊற்றுபவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மதிப்பெண் பட்டியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023ல் அமெரிக்க இதயச் சங்கம் பிரபல டயட்களுக்கு மார்க் போட்டது. நூற்றுக்கு டாஷ் (ரத்த அழுத்தத்தைக் குறைக்க வகுத்த டயட்) 100, பேலியோ 53, கீட்டோ (மாவுச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பைக் கூட்டும் டயட்) 31. பேலியோ எதிர்ப்பாளர்கள் இதைக் கொண்டாடினார்கள். அந்த மார்க், ஒவ்வொரு டயட்டும் அந்தச் சங்கம் ஏற்கெனவே வெளியிட்ட பரிந்துரைகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்குப் போட்டது. டயட்களை மோதவிட்டு வந்த ரிசல்ட் இல்லை. எனக்கு அந்தப் பரிந்துரைகளில் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனாலும் சான்று என்பது வேறு.

இனி மாத்திரை விஷயம். டயட்டை மாற்றுவதற்கு முன் ஹெச்பிஏ1சி, லிப்பிட் ப்ரொஃபைல் (கொலஸ்ட்ரால் பரிசோதனை), கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) மூன்றையும் பார்த்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். பேலியோ, கீட்டோவில் சிலருக்கு, குறிப்பாக ஒல்லியானவர்களுக்கு, எல்டிஎல் 200ஐத் தாண்டிப் போவதைப் பார்க்கிறோம். "அது பெரிய எல்டிஎல் துகள், ஒன்றும் செய்யாது" என்று டயட் குழுவில் யாராவது சொல்வார்கள். மாரடைப்பு வந்தவர், குடும்பத்தில் சின்ன வயதிலேயே இதய நோய் உள்ளவர் அதை நம்பி ஸ்டாட்டினை (கொலஸ்ட்ரால் மாத்திரையை) நிறுத்தக் கூடாது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் புரதத்தைத் தாங்களாக ஏற்றிக்கொள்ளக் கூடாது.

கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைப் பாதியாக்கினாலோ இரவுச் சாப்பாட்டை விட்டாலோ அன்றைக்கே சர்க்கரை தாழ்நிலைக்குப் போகலாம். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிட வேண்டும், டயட் கெட்டுவிடும் என்று பார்க்கக் கூடாது. டோஸை முதல் நாளுக்கு முன்பே குறைக்க வேண்டும், அதனால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு கீட்டோவோ நீண்ட விரதமோ இருப்பது இன்னும் ஆபத்து. ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும், ஆனால் குளுக்கோமீட்டரில் சர்க்கரை 180, 200 என்று சாதாரணமாகத்தான் காட்டும். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் வந்தால் மீட்டரைப் பார்த்துவிட்டு "சுகர் நார்மல்தானே" என்று வீட்டில் படுத்துக்கொள்ளாமல் மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் இந்த மாத்திரை போடுகிறேன், இந்த டயட்டில் இருக்கிறேன் என்று இரண்டையும் சொல்லி, கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.