டப்பாவுக்கு முன் புல்லுக்கட்டு: மிரளும் குதிரையின் தீனியைப் பற்றி

தண்டையார்பேட்டையின் ஒரு சந்துக்குள், தகரக் கொட்டகையில் கட்டப்பட்டிருந்த அந்த வெள்ளைக் குதிரையைப் பார்க்க என்னை அழைத்தபோது, அதன் சொந்தக்காரர் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்துக்கொண்டு நின்றார். குதிரையின் நரம்பை அமைதிப்படுத்தும் என்று சொல்லி யாரோ விற்ற பொடி அது. கல்யாண ஊர்வலங்களுக்குச் சாரட்டு இழுக்கும் பெண் குதிரை. எதிர்க்கடையின் ஷட்டரை இறக்கும் ஓசைக்கே கழுத்தை உயர்த்தி, கண்ணின் வெள்ளை தெரியப் பின்வாங்கியது. சேணத்தின் வயிற்றுப் பட்டையை இறுக்கப் போனால் திரும்பிக் கடிக்க வந்தது. "டப்பா காலி ஆகப்போகுது டாக்டரம்மா, இது மட்டும் அடங்க மாட்டேங்குது" என்றார் அவர். நான் டப்பாவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "பாய், அன்றாடம் போடுகிற புல்லைக் கொண்டுவந்து காட்டுங்கள்" என்றேன்.

ஒரு கட்டுப் புல் வந்தது. அதைக் கைத்தராசில் தொங்கவிட்டால் முள் 9 கிலோவில் நின்றது. பச்சைப் புல்லில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல்தான் காய்ந்த பொருள், மீதியெல்லாம் தண்ணீர். எனவே அந்தக் கட்டு முழுவதையும் தின்றாலும் குதிரையின் வயிற்றுக்குள் போவது ஏறத்தாழ 2 கிலோ உலர்தீனிதான். இதற்கு மேல் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்குமாக, அவித்த கொள்ளு 2 கிலோவும் கோதுமைத் தவிடு 2 கிலோவும் மக்காச்சோள மாவு ஒன்றரைக் கிலோவும் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டு வந்தன. அக்கறையில்லாத வளர்ப்பு என்று இதைச் சொல்லிவிட முடியாது. அவர் தம் வீட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டு குதிரைக்குக் கொள்ளு வாங்குகிற மனிதர். தவறு அன்பில் இல்லை, அளவில் இருந்தது.

குதிரையின் எடை தெரியாமல் தீனியைக் கணக்கிட முடியாது; எடைமேடையும் நம் தெருக்களில் கிடையாது. ஆகவே தையற்கடை நாடா ஒன்றே போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்த சென்டிமீட்டரை அதே எண்ணால் பெருக்கி, அதைத் தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை கிடைக்கும். இந்தக் குதிரைக்கு மார்புச் சுற்று 165, நீளம் 150. எடை சுமார் 344 கிலோ. ஒரு குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் குறைந்தது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கும், நல்லபடியாக இருக்க வேண்டுமென்றால் இரண்டு பங்கும் உலர்ந்த கணக்கில் நார்த்தீனி தின்ன வேண்டும். இந்தக் குதிரைக்கு அது 5 முதல் 7 கிலோ வரை. அதாவது பச்சைப் புல்லாகப் போட்டால் 25 முதல் 30 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஒரு கட்டு போட்டுவந்த இடத்தில் மூன்று கட்டு தேவை என்பது தராசு சொன்ன கணக்கு.

புல் குறைந்தால் குதிரை மெலியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது மிரளவும் கூடும் என்பதற்கான காரணம் இரைப்பையில் இருக்கிறது. மனிதருக்குச் சாப்பாட்டு வேளையில் அமிலம் கூடுதலாகச் சுரக்கிறது. குதிரைக்கோ தின்றாலும் தின்னாவிட்டாலும் இருபத்துநான்கு மணி நேரமும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கிறது, ஏனென்றால் நாளில் பதினான்கு பதினாறு மணி நேரம் மேய்வதற்கென்று அமைந்த உடல் அது. அந்த அமிலத்தைத் தணிக்கிற உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். ஒரு கிலோ காய்ந்த புல்லை மெல்ல ஆகும் நேரத்தில் ஒரு சிறு பங்குதான் ஒரு கிலோ மாவுத்தீனிக்கு ஆகும். கொஞ்ச நேரத்தில் தொட்டி காலியாகிவிடும், அதன்பின் வெறும் வயிற்றில் அமிலம் மட்டும் நிற்கும். இரைப்பையின் மேற்பாதியில் அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் கிடையாது. குதிரை ஓடும்போது வயிற்றின் அழுத்தத்தால் அமிலம் அங்கே ஏறித் தெறிக்கிறது; புண் அங்கேதான் முதலில் விழுகிறது. பட்டையை இறுக்கும்போது கடிக்க வருவதும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும், தீனியில் பாதியை விட்டுவிட்டு விலகுவதும், மரச்சட்டத்தைப் பல்லால் பிடித்துக் காற்றை விழுங்குவதும் பிடிவாதமல்ல, பெரும்பாலும் எரிச்சல். வலியோடு நிற்கிற விலங்கு சின்ன ஓசைக்கும் பெரிதாகத்தான் மிரளும்.

மாவுச்சத்து மிகுந்தால் இன்னொரு கேடும் உண்டு. சிறுகுடலில் செரித்து முடியாத மாவுச்சத்து சீக்கம் என்னும் பெரும்பைக்குள்ளும் பெருங்குடலுக்குள்ளும் இறங்கினால், அங்கே நாரை நொதிக்கவைத்து வாழும் நுண்ணுயிர்கள் மடிந்து லாக்டிக் அமிலம் உண்டாக்கும் கூட்டம் பெருகும். வயிற்று நோவு, குளம்பு அழற்சி ஆகியவற்றின் வேர் அதில் இருக்கிறது. ஒரு வேளைக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராம் மாவுச்சத்து என்பதைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு. நம் குதிரைக்கு அது 344 கிராம். மக்காச்சோளத்தில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். எனவே வேளைக்கு முக்கால் கிலோ மக்காச்சோள மாவு போட்டால், கொள்ளையும் தவிட்டையும் கணக்கில் சேர்க்காமலேயே எல்லை கடந்துவிடுகிறது. மாவுத்தீனி தின்னும் குதிரைகளைவிட நாரும் எண்ணெயும் தின்னும் குதிரைகள் புதிய பொருளையும் திடீர் ஓசையையும் கண்டு குறைவாகவே மிரளுகின்றன என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

கொள்ளைக் கைவிட வேண்டியதில்லை. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பற்றிப் பழமொழியே சொல்லும் ஊர் இது. அவித்த கொள்ளு நல்ல புரதம். புல்லுக்குப் பக்கத்தில் துணையாக ஒரு கிலோவுக்குள் இருக்கட்டும். நான் முதலில் நிறுத்தச் சொன்னது மக்காச்சோள மாவை. அடுத்ததாகத் தவிட்டைப் பாதியாக்கினேன். இதையும் ஒரே நாளில் செய்யக் கூடாது. குடலின் நுண்ணுயிர்கள் புதிய தீனிக்குப் பழக இரண்டு வாரம் வேண்டும். நாளுக்கொரு பிடி குறைத்து, அதற்கு ஈடாகப் புல்லைக் கூட்டிச் செல்வதே முறை.

எந்தப் புல் என்ற கேள்விதான் வடசென்னையில் கடினமானது. மீஞ்சூர், செங்குன்றம் பக்கத்திலிருந்து வரும் கட்டுகளில் அறுகு கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள்; விலை கூடுதலானாலும் குதிரைக்கு அதைவிட ஒத்த புல் இங்கே இல்லை. மாட்டுக்கென்று வளர்க்கும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் கினியாப்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும் எளிதாகக் கிடைக்கும், ஆனால் அவற்றில் ஆக்சலேட் என்னும் பொருள் உண்டு. அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலுக்குச் சேரவிடாது. தவிட்டிலோ பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. இந்த இரண்டையும் மாதக்கணக்கில் சேர்த்துத் தின்னும் குதிரையின் உடல் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவத் தொடங்கும். முகம் வீங்கும், நடையில் இடம் மாறிமாறி நொண்டும். இரத்தத்தில் கால்சியம் தாழ்ந்தால் தசை துடிக்கும், குதிரை நிலைகொள்ளாது. இதற்கு மாற்று நம் மொழியிலேயே பெயரில் குதிரையைச் சுமந்திருக்கிறது: குதிரைமசால். கால்சியம் நிறைந்த பயறுவகைத் தீவனமாகிய அது அமிலத்தையும் தணிக்கும். மொத்த நார்த்தீனியில் நாலில் ஒரு பங்கு போதும். அதற்கு மேல் போனால் புரதம் மிகுந்து மூத்திரத்தின் அம்மோனியா நெடி சின்னக் கொட்டகைக்குள் தங்கி மூச்சைக் கெடுக்கும். கால்சியம் வேண்டுமென்று ஒருவர் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தவிட்டில் குழைத்துப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். வாயும் தொண்டையும் வெந்துபோகும். அது வேறு பொருள். தீவனத்துக்கு உரியது கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்புக்கல் தூள்.

வைக்கோலைப் புல்லுக்கு ஈடாக நினைப்பவர்களும் உண்டு. கொஞ்சம் மெல்லக் கிடைக்கும், அவ்வளவுதான். சத்து இல்லை, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் நாளில் குடலை அடைத்தும் விடும். கால்வாய்க் கரையிலும் சாக்கடை நீர் பாயும் நிலத்திலும் அறுத்த புல் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

புல்லைக் கூட்டினால் மட்டும் போதாது, அது நேரத்தில் பரவ வேண்டும். நான்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் குதிரையின் வாய் சும்மா இருக்கக் கூடாது. பாய் இதற்குத் தாமாகவே ஒரு வழி கண்டார்: காசிமேட்டில் கழித்துப்போட்ட இழுவலையின் தடித்த துண்டு ஒன்றை வாங்கிவந்து பைபோலத் தைத்து, புல்லைத் திணித்துச் சுவரில் தொங்கவிட்டார். சின்னக் கண்களின் வழியே இழுத்து இழுத்துத் தின்ன வேண்டியிருந்ததால், சீக்கிரமே தீர்ந்துபோகும் கட்டு மூன்று மணி நேரம் நின்றது. மெல்லிய நைலான் நரம்புவலை ஆகாது, வாயை அறுக்கும். குளம்பு மாட்டிக்கொள்ளாத உயரத்தில் கட்ட வேண்டும், காலியானதும் வலை தாழும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மணல்தரையில் கொட்டித் தீனி போடுவோர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம்: நாலைந்து லத்தி உருண்டைகளை ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கரைத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால், குடலுக்குள் போகும் மணல் அடியில் தங்கிக் கண்ணுக்குத் தெரியும்.

ஊர்வல நாளுக்கென்று தனி ஏற்பாடு வேண்டும். பிற்பகலில் வண்டியில் ஏற்றி, பேண்டும் பட்டாசும் முடிந்து நள்ளிரவில் இறக்கும் வரை வெறும் வயிற்றோடு நிறுத்துவதே பெரும்பாலோர் வழக்கம். சேணம் பூட்டுவதற்கு அரை மணி முன்பு நறுக்கிய குதிரைமசாலை ஒரு சிறு கூடையளவு கொடுங்கள்; இரைப்பையில் அது பாய்போலப் படிந்து அமிலம் தெறிப்பதைத் தடுக்கும். மண்டப வாசலில் காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு வலைப்பை புல் டெம்போவிலேயே இருக்கட்டும்.

இனி டப்பாவுக்கு வருகிறேன். அமைதிப்படுத்தும் பொடிகளில் அதிகம் விற்கப்படுவது மெக்னீசியம். 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்குத் தேவை 7.5 கிராம், நம் குதிரைக்கு 5 கிராமுக்குச் சற்று மேல். சாதாரணப் புல்லின் உலர்பொருளில் ஆயிரத்துக்கு இரண்டு பங்கு மெக்னீசியம் இருப்பதால், 7 கிலோ உலர்தீனி தின்றாலே 14 கிராம் சேர்ந்துவிடும். தவிட்டிலோ இன்னும் அதிகம். குறை இருந்தால் மட்டுமே கூட்டுவதில் பயன் உண்டு. இத்தகைய பொடிகளில் சேர்க்கப்படும் இன்னொரு பொருளான டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலத்தைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன; குறைந்த அளவில் அது குதிரைக்குக் கிளர்ச்சியூட்டியதும் உண்டு. உயிர் ஈஸ்ட் நார் செரிப்புக்கு உதவும், அதை நான் பரிந்துரைப்பதுண்டு. உடல் மெலிந்த குதிரைக்கு மாவுக்குப் பதிலாக அரிசித் தவிட்டெண்ணெயை நாளுக்கு 30 மில்லியில் தொடங்கி மூன்று வாரத்தில் 200 மில்லி வரை கொண்டுபோகலாம்; அப்போது வைட்டமின் ஈ சேர்க்க வேண்டும். சென்னை வெயிலில் வியர்க்கும் குதிரைக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தேவைப்படுவது சமையலறை உப்புதான்: 100 கிலோ எடைக்கு 10 கிராம், உழைக்கும் நாளில் இன்னும் கொஞ்சம், பக்கத்தில் தண்ணீர் எப்போதும்.

இரண்டு மூன்று டப்பாக்களை ஒன்றாகக் கலப்பவர்களை நான் கடிந்துகொள்வது செலினியத்துக்காக. தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைந்த தாது அது. 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் புளோரிடாவில் 21 போலோ குதிரைகள் அடுத்தடுத்து இறந்தன. அவற்றுக்கு ஏற்றப்பட்ட சத்து மருந்தில் செலினியம் அளவு தவறிப் பல மடங்காகக் கலந்திருந்தது. மலிவென்று கோழித்தீவனம் போடுவது அதைவிடக் கொடியது: அதில் சேர்க்கப்படும் மோனென்சின் கோழிக்கு மருந்து, குதிரைக்கு இதயத்தைத் தாக்கும் விஷம்.

தீனி மாறி மூன்றாவது வாரம் போனபோது, பட்டை இறுக்கும் நேரத்தில் குதிரை காதை மட்டும் பின்னால் மடித்தது, கடிக்க வரவில்லை. ஷட்டர் ஓசைக்குத் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி வலைக்குள் வாயை விட்டது. பட்டாசுக்கு இன்னமும் நடுங்குகிறது. அதைப் புல் தீர்க்காது, பொறுமையாகப் பழக்க வேண்டும். கூட்டமாக வாழும் விலங்கு தனியே நிற்பதும் ஒரு காரணம் என்பதால் பக்கத்தில் ஓர் ஆட்டையாவது கட்டச் சொல்லியிருக்கிறேன். தீனி சரியாகியும் ஒரு மாதத்துக்குள் மாற்றமில்லை என்றால் பல்லின் கூர்விளிம்பு, முதுகுப் புண், கண் பார்வை, இரைப்பைப் புண் ஆகியவற்றை மருத்துவர் பார்க்க வேண்டும். இரைப்பைப் புண்ணை உறுதிசெய்ய மூன்று மீட்டர் நீள உள்நோக்கிக் குழல் வேண்டும், மருந்தும் பொதுவாக நான்கு வாரம் போகும். இடையில் நீங்களாக வலிமருந்து கொடுத்தால் புண் பெரிதாகும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு மருத்துவரிடமோ போகும்போது, ஒரு நாள் புல்லின் எடையை எழுதிய சீட்டு, தீவன மூட்டையில் தைத்திருக்கும் அட்டை, அன்று காலை விழுந்த லத்தி, இதுவரை கொடுத்த டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.