மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால், அது சூடு இல்லை

"நின்னு ஏழு வருஷம் ஆச்சு டாக்டரம்மா. வெயில்ல உக்காந்து யாவாரம் பண்றேன்ல, உடம்பு சூடு. அதான் திரும்பப் படுது."

காசிமேட்டில் மீன் விற்கும் அந்த அம்மாவுக்கு 58 வயது. பாவாடையில் ஒரு ரூபாய் அளவு கறை, மாதத்தில் இரண்டு மூன்று தடவை. வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தே நான்கு மாதம் ஓட்டியிருந்தார்.

தண்டையார்பேட்டையில் இந்த 'சூடு' என்ற சொல்லை அடிக்கடி கேட்கிறேன். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு சொட்டு பட்டாலும் காட்டிவிட வேண்டும். அப்படி வருகிறவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய் இருக்கிறது. அந்த ஒருவர் யார் என்று பார்த்ததும் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது.

யாருக்கு ஆபத்து அதிகம்? உடல் பருமனைத்தான் முதலில் சொல்வேன். சினைப்பை ஓய்ந்த பிறகும் உடம்பில் உள்ள கொழுப்பு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். உள்சுவரைத் தடிக்கவைப்பது ஈஸ்ட்ரோஜன். அதை அடக்கிவைப்பது புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஹார்மோன். அடக்க ஆளில்லாமல் வருடக்கணக்கில் தடிக்கும் சுவரில்தான் வினை ஆரம்பிக்கிறது. சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள இளம்பெண்களுக்கும் இதே சிக்கல்தான். கருமுட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்ட்ரோன் போதிய அளவு சுரக்காது. "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று வீட்டில் தள்ளிப்போடுவதைக் கேட்கும்போது மனசு பதறுகிறது.

சர்க்கரை நோய், குழந்தை பெறாதது, 12 வயதுக்கு முன்பே பெரியவளானது, 55 தாண்டியும் மாதவிடாய் நிற்காதது, இவையும் கணக்கில் சேரும். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய்க்காகச் சாப்பிடும் டமாக்சிஃபென் மாத்திரையும் இந்த ஆபத்தைக் கூட்டும்; ஆனாலும் பயந்து அதை நிறுத்த வேண்டாம். ரத்தம் பட்டால் உடனே வாருங்கள், போதும்.

அப்புறம், "பாப் டெஸ்ட் நார்மல்னு சொல்லிட்டாங்களே" என்பார்கள். அது கர்ப்பப்பை வாய்க்கான சோதனை. உள்சுவர்ப் புற்றுநோயை அதை நம்பி இல்லையென்று சொல்ல முடியாது.

அந்த அம்மாவுக்கு ஸ்கேனில் உள்சுவர் 14 மி.மீ. இருந்தது. நின்றுபோனவர்களுக்கு 4 மி.மீ. தாண்டினாலே திசு எடுத்துப் பார்ப்போம். மெல்லிய குழாய் வழியாக எடுப்பதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். ஆரம்பக் கட்டம் என்று முடிவு வந்தது. கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தோம்.

போன மாதம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். 26 வயது, நாலு மாதத்துக்கு ஒரு தடவைதான் தலைக்குக் குளிக்கிறாளாம். "இவள முதல்ல பாரும்மா" என்று மகளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார்.